நகராத சாலை

திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு சிவப்புக் கார் நிற்கிறது. கூரையில்லாத இத்தாலியக் கார். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் பொன்னிறக் கூந்தலோடு ஒரு பெண். சுற்றிலும் கடற்கரை மணல், தென்னை மரங்கள், நீல வானம். விளக்கு பச்சைக்கு மாறுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்த தென்னைகள் வளர்ந்து, பெருத்து, விர்ரென்று இருபுறமும் கடந்து போகின்றன. மணிக்கு 293 கிலோமீட்டர் வரை வேகம் ஏறுகிறது. ஜப்பானின் செகா நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'அவுட்ரன்' என்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் ஆட்டத்தின் முதல் நிமிடம் இது.

அந்த ஒரு நிமிடத்தில் கார் ஓர் அங்குலம்கூட முன்னே போகவில்லை. சாலையும் பின்னே வரவில்லை. நீளமும் அகலமும் மேடும் பள்ளமுமாகக் கட்டிவைத்த சாலை எதுவும் அந்த இயந்திரத்துக்குள் கிடையாது. இருப்பது எண்களின் ஒரு வரிசை: இங்கே கொஞ்சம் இடப்பக்கம் வளை, இங்கே ஏறு, இங்கே அகலமாகு. மற்றதையெல்லாம் செய்வது தொலைக்காட்சித் திரையும் நம் கண்ணும். இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து பழைய கார் ஆட்டங்களை என்னால் வெறும் விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை.

இப்படியொரு சுற்றுவழி எதற்கு என்பது ஒரு சின்னக் கணக்கில் தெரிந்துவிடும். அவுட்ரன் இயந்திரத்தில் மோட்டோரோலா 68000 வகை ப்ராசஸர்கள் இரண்டு இருந்தன. ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் முறை துடிக்கும். திரையில் குறுக்கே 320, நெடுக்கே 224 என மொத்தம் 71,680 புள்ளிகள். நொடிக்கு 60 படம் காட்ட வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம் துடிப்பு. ஒரு புள்ளிக்கு மூன்று துடிப்புகூடத் தேறாது. 68000இன் ஆகச் சிறிய கட்டளைக்கே நான்கு துடிப்பு வேண்டும். ஒரு பெருக்கலுக்கு எழுபது வரை ஆகும். வகுத்தலுக்கு நூற்றுக்கு மேலும் போகும். இன்றைய ஆட்டங்களைப் போல உலகத்தையே முப்பரிமாணத்தில் கட்டி, ஒவ்வொரு மூலையும் திரையில் எங்கே விழும் என்று கணக்கிடுவது அந்தக் காலத்தில் ஆகிற காரியமில்லை. இரண்டு ப்ராசஸர் இருந்தும்கூட.

ஆனால் அன்றைய குழல் தொலைக்காட்சிக்கு ஒரு குணம் இருந்தது. அது படத்தை ஒரே வீச்சில் காட்டாது. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும், ஒரு படி கீழே இறங்கும், அடுத்த கோட்டை இழுக்கும். கோலம் போடுவதுபோல் அல்ல, ஏர் உழுவதுபோல். இப்படி மேலிருந்து கீழ்வரை உழுதுவிட்டு மறுபடி மேலே போகும், நொடிக்கு 60 முறை. ஆகவே புள்ளி புள்ளியாக யோசிப்பதை விட்டுவிட்டுக் கோடு கோடாக யோசித்தால் என்ன? தொடுவானத்துக்குக் கீழே இருப்பவை நூறு கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கோட்டிலும் மூன்றே கேள்விகள். சாலை இங்கே எவ்வளவு அகலம்? என்ன நிறம்? நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது? முந்நூறு விடைகள் கிடைத்தால் ஒரு சாலை கிடைத்துவிடும். எழுபதாயிரம் புள்ளிகளின் பிரச்சினை முந்நூறு எண்களின் பிரச்சினையாகச் சுருங்கிவிட்டது.

முதல் கேள்வி அகலம்; அது தொலைவைப் பொறுத்தது. சமதரையில் நின்று நேராகப் பார்க்கும் கண்ணுக்கு, தொடுவானத்திலிருந்து ஓர் இடம் எவ்வளவு கீழே தெரிகிறதோ அதற்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும் அதன் தொலைவு. தொடுவானத்துக்குக் கீழே முதல் கோடு 100 மீட்டர் தூரத்துச் சாலையைக் காட்டினால், இரண்டாவது கோடு 50 மீட்டரைக் காட்டும். நான்காவது 25. பத்தாவது 10. நூறாவது கோடு, அதாவது நம் காலடி, 1 மீட்டர். இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் நான்கு கோடுகளுக்குள் 75 மீட்டர் சாலை அடங்கிவிடுகிறது. கீழ்ப்பாதியில் இருக்கும் ஐம்பது கோடுகளுக்கோ ஒரே ஒரு மீட்டர். தூரத்துச் சாலை நசுங்கிக் கிடப்பதும் பக்கத்துச் சாலை பரந்து விரிவதும் இதனால்தான். சமதரையில் இந்த விகிதம் மாறுவதே இல்லை என்பதால் ஆட்டத்தின் நடுவில் யாரும் வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை கணக்கிட்டு வாய்ப்பாடாக எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது நிறம். ஓட்டத்தின் ரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. பழைய கார் ஆட்டங்களில் புல்வெளி ஒரே பச்சையாக இருக்காது. கரும்பச்சை, இளம்பச்சை என்று பட்டை பட்டையாக இருக்கும். சாலையோர விளிம்பு சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும். அலங்காரம் என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில், ஒவ்வொரு கோட்டின் தொலைவோடும் கார் இதுவரை 'கடந்த' தூரத்தை நிரல் கூட்டுகிறது. வரும் தொகை எந்தப் பட்டைக்குள் விழுகிறது? ஒற்றைப்படைப் பட்டை என்றால் கரும்பச்சை, இரட்டைப்படை என்றால் இளம்பச்சை. அவ்வளவுதான். அடுத்த படத்தில் கடந்த தூரம் கொஞ்சம் கூடியிருக்கும்; சில கோடுகளின் நிறம் மாறும். திருவிழாவில் சீரியல் பல்புகள் ஓடுவதைப் பார்த்திருக்கிறோம். பல்பு எதுவும் ஓடுவதில்லை, வெளிச்சம் ஓடுகிறது. அதே போலத்தான் இதுவும். தூரத்தில் மெல்லிய பட்டைகள் மெதுவாக அசைந்து, கிட்டே வர வர அகலமாகி வேகமெடுப்பதைக் கண்டதும் மூளை சொல்லிவிடுகிறது: நான் முன்னே போய்க்கொண்டிருக்கிறேன்.

மூன்றாவது கேள்விதான் வளைவு. அதற்கு ஒரு சீட்டுக்கட்டு போதும். கட்டை மேசைமேல் நேராக வைத்து, மேலே போகப் போகச் சீட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு சீட்டும் நேர்கோடுதான். கட்டு மட்டும் வளைந்துவிடும். திரையிலும் அதேதான். காலடிக் கோடு அசையாமல் இருக்கும். அதற்கு மேலே உள்ள கோட்டை 1 புள்ளி தள்ளு, அதற்கு மேலே 3, பிறகு 6, பிறகு 10. தள்ளலே படிப்படியாகக் கூடிக்கொண்டு போவதால் சாலை அழகான வில்லாகத் தொடுவானத்தில் போய் முடியும். வேண்டியது கூட்டல் மட்டுமே, பெருக்கல்கூட இல்லை. வளைவில் கார் வெளிப்பக்கமாக இழுக்கப்படுவதாக நாம் உணர்வதும் ஒரு கூட்டல்தான். வேகமும் வளைவும் எவ்வளவு என்று பார்த்து, காருக்கும் சாலை நடுவுக்கும் உள்ள இடைவெளியை நிரல் கூட்டிவிடுகிறது. தூரத்து மலைகளை எதிர்ப்பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டால் கார் திரும்பிவிட்டது என்று உடம்பே நம்பும். ஆடுகிறவர் நாற்காலியில் சாய்வதைப் பார்த்திருக்கிறீர்கள்தானே.

இந்த வித்தைக்கு ஒரு வம்சாவளி உண்டு. எழுபதுகளின் நடுவில் ஜெர்மனியில் ரைனர் ஃபோர்ஸ்ட் என்ற பொறியாளர் ப்ராசஸரே இல்லாமல், தனித்தனி மின்னணு உறுப்புகளைக் கொண்டே 'நூர்பர்க்ரிங் 1' என்ற கார் ஆட்ட இயந்திரத்தைக் கட்டினார். 1976இல் அட்டாரி நிறுவனத்தின் 'நைட் டிரைவர்' வந்தது. அதில் சாலையே வரையப்படவில்லை. கறுப்புத் திரையில் இருபுறமும் வெள்ளைக் குறிக்கற்கள் பெரிதாகிக்கொண்டே வரும், அவ்வளவுதான். காரும் திரைமேல் ஒட்டிய வெறும் படம். இரவுப் பயணம் என்று பெயர் வைத்துவிட்டதால் இல்லாத சாலையை ஆடுகிறவரே நிரப்பிக்கொண்டார். 1982இல் நாம்கோ நிறுவனத்தின் 'போல் பொசிஷன்' ஜப்பானின் ஃபூஜி பந்தயத் தடத்தை வண்ணத்தில் கொண்டுவந்தது. காரின் பின்னாலிருந்து பார்க்கும் பார்வை, முதலில் தகுதிச் சுற்று, அதில் தேறினால் பந்தயம். பின்னால் வந்த கார் ஆட்டங்களுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி.

அவுட்ரனை வடிவமைத்த யூ சுசுகி அந்த மரபில் வந்தவர். ஆனால் அவருக்குப் பந்தயத்தில் பெரிய நாட்டமில்லை. அதுவரை வந்த ஆட்டங்களில் ஒரு காரை இடித்தாலே நம் கார் வெடித்துச் சிதறும். ஓட்டுவதே இன்பமாக இருக்கும் ஓர் ஆட்டத்தைச் செய்ய அவர் நினைத்தார். 'கேனன்பால் ரன்' என்ற திரைப்படத்தின் தாக்கத்தில் முதலில் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் பயணமாகத்தான் அதை எண்ணியிருந்தார். பிறகு ஐரோப்பாவைத் தேர்ந்தெடுத்தார். பிராங்பர்ட்டில் காரை வாடகைக்கு எடுத்து, சுவிட்சர்லாந்தின் மலைகள், பிரான்சின் தென்கடற்கரை, புளோரன்ஸ், ரோம் என்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஆட்டத்தின் அழகு அந்தப் பயணத்தில் விளைந்தது என்றே நான் நினைக்கிறேன். கடைசிக் கட்டம் தவிர ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் சாலை இரண்டாகப் பிரியும். எந்தப் பக்கம் போவது என்பது நம் விருப்பம். மொத்தம் 15 கட்டங்கள். ஒருமுறை ஆடினால் அவற்றில் 5 மட்டுமே காணக் கிடைக்கும். போகக்கூடிய வழிகள் 16, போய்ச் சேரும் இடங்கள் 5. கிளம்பும் முன் கார் வானொலியில் ஹிரோஷி கவாகுச்சி இசையமைத்த மூன்று பாடல்களில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பந்தயத்துக்குப் போகிறவருக்கு எதற்குப் பாட்டு? ஊர் சுற்றப் போகிறவருக்குத்தான் வேண்டும்.

சாலை பிரிவதை அந்த இயந்திரம் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செகாவின் பொறியாளர்கள் சாலை வரைவதற்கென்றே தனிச் சுற்றை அமைத்திருந்தார்கள். குறுகலிலிருந்து அகலம் வரை சாலையின் எல்லா அகலங்களும் கோடு கோடாக நிரந்தர நினைவகச் சிப்பில் பதிந்திருக்கும். இந்தக் கோட்டுக்கு இந்த அகலம், இவ்வளவு தள்ளு, இந்த நிறம் என்று ப்ராசஸர் பட்டியல் கொடுத்தால் போதும், சுற்று வரைந்துவிடும். இப்படி ஒன்றல்ல, இரண்டு சாலைகளை அதனால் ஒரே நேரத்தில் வரைய முடியும். தொடக்கத்தில் நாம் ஓட்டும் அந்த அகலமான சாலை, அடுத்தடுத்துப் படிந்து கிடக்கும் இரண்டு சாலைகள்தான். பிரியும் இடம் வந்ததும் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளிவிடுகிறது நிரல். நாம் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மற்றது மறைந்துவிடும்.

மரங்களுக்கும் பலகைகளுக்கும் மற்ற கார்களுக்கும் இன்னொரு சுற்று. ஒரு படத்தைக் கொடுத்து 'பாதி அளவு' என்றால், படத்தின் புள்ளிகளில் ஒன்றுவிட்டு ஒன்றை எடுத்து அந்தக் கணமே சுருக்கிக் காட்டும். 'இரட்டிப்பு' என்றால் ஒவ்வொரு புள்ளியையும் இருமுறை இடும். 'சூப்பர் ஸ்கேலர்' என்று செகா அதற்குப் பெயர் வைத்தது. ஒருசில தென்னைப் படங்களை வைத்துக்கொண்டு கடற்கரை முழுக்கத் தோப்பாக்கியது இந்தச் சுற்றுதான்.

சரி, இந்த இரண்டு சுற்றும் இல்லாத வீட்டுக் கணினியில் இதே ஆட்டத்தை எப்படிக் கொண்டுவருவது?

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டிவி கேம் ஆடியவர்கள் 'ரோட் ஃபைட்டர்' காரை மறந்திருக்க மாட்டார்கள். அது மேலிருந்து பார்க்கும் சாலை. படத்தைக் கீழ்நோக்கி உருட்டினால் வேலை முடிந்தது. அதே பல ஆட்டக் கேசட்டுகளில் 'எஃப்1 ரேஸ்' என்றும் ஒன்று இருக்கும். அதில் மட்டும் சாலை தொடுவானத்திலிருந்து நம்மை நோக்கி வரும். நிண்டெண்டோவின் சின்னஞ்சிறு வீட்டு இயந்திரத்தில், 1984இலேயே, இந்தக் கோட்டு வித்தையைச் செய்துகாட்டிய ஆட்டம் அது.

அதைவிடவும் ஏழை ஓர் இயந்திரம் உண்டு. 1977இல் வந்த அட்டாரி 2600. அதன் மொத்த நினைவகம் 128 பைட். இந்த வாக்கியத்தைக்கூட அதில் எழுதி வைக்க முடியாது. திரைப் படத்தைச் சேமித்து வைக்க இடமில்லாததால், எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோட்டை இழுக்கும் முன்பும் அந்தக் கோட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை நிரல் சொல்லியாக வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 76 துடிப்பு. தவறினால் படம் கலைந்துவிடும். இதற்கு நிரல் எழுதியவர்கள் கற்றையோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்றே சொல்ல வேண்டும். ஆனால் கோடு கோடாக யோசிக்கக் கட்டாயப்படுத்தும் இயந்திரத்துக்குக் கோடு கோடாகப் பிறக்கும் சாலையைவிடப் பொருத்தமான காட்சி வேறென்ன இருக்க முடியும்? போல் பொசிஷன் அதில் 1983இல் வந்தது. படங்கள் கட்டை கட்டையாக இருந்தன, சாலை மட்டும் சாலையாகவே இருந்தது. அதே ஆண்டு ஆக்டிவிஷன் நிறுவனம் வெளியிட்ட 'எண்டுரோ' ஒருபடி மேலே போய்ப் பனி, மூடுபனி, அந்தி, இரவு என்று ஒரு முழு நாளையே அந்த 128 பைட்டில் ஓட்டிக் காட்டியது.

அவுட்ரனுக்கு வருவோம். 1987இல் செகா தன் சொந்த வீட்டு இயந்திரமான மாஸ்டர் சிஸ்டத்துக்கு அதைக் கொண்டுவந்தது. நொடிக்கு சுமார் 35 லட்சம் துடிப்புள்ள இசட்-80 ப்ராசஸர் அதில் இருந்தது. பெருக்கல் கட்டளையே கிடையாது. படத்தைச் சுருக்கி விரிக்கும் வசதியும் இல்லை. அப்படிப்பட்ட இயந்திரங்களில் ஒரே மரத்தைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பல அளவுகளில் முன்பே வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை அளவு வைப்பது என்பதை நினைவகம்தான் முடிவு செய்யும். அளவுகள் குறைந்தால் மரம் வளராது, தாவும். ஆர்கேட் இயந்திரத்தில் நீர்போல ஓடிய தென்னைகள் வீட்டில் படிக்கட்டில் இறங்குவதுபோல வந்ததற்குக் காரணம் இதுதான்.

இங்கிலாந்தில் அப்போது வீடுதோறும் இருந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் சிக்கல் வேறு. அதன் திரை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறங்கள். கோட்டுக்குக் கோடு நிறம் மாற்றுவதுதான் சாலை வித்தையின் உயிர் என்று மேலே பார்த்தோம். அந்த உயிரையே இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சிவப்புக் கார் தன் சிவப்பை இழந்தது. ஆட்டத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் ஒலிநாடாவிலிருந்து தனித்தனியாக ஏற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அடிப்படை ஸ்பெக்ட்ரத்தின் ஒலிப்பெருக்கியால் கவாகுச்சியின் இசையை எழுப்ப முடியாது என்பதால், யு.எஸ். கோல்ட் நிறுவனம் ஆட்டப் பெட்டிக்குள் ஆர்கேட் பாடல்கள் அடங்கிய இன்னொரு ஒலிநாடாவையும் வைத்து விற்றது. பக்கத்தில் டேப் ரெக்கார்டரில் பாட்டை ஓடவிட்டு, நிறமில்லாச் சாலையில் கார் ஓட்டினார்கள் பிள்ளைகள். இயந்திரத்தால் முடியாததைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிய அந்த யோசனை எனக்கு நெகிழ்ச்சியையே தருகிறது.

காமடோர் 64, ஆம்ஸ்ட்ராட், அட்டாரி எஸ்டி என்று ஆட்டம் பரவியது. அமிகா கணினியில் வந்த பதிப்புதான் ஏமாற்றம். ஆர்கேட் இயந்திரத்தில் இருந்த அதே 68000 ப்ராசஸர் அதில் இருந்தும் ஆட்டம் தடுக்கித் தடுக்கி ஓடியது. இயந்திரத்தின்மேல் பழிபோட முடியாது. திரையின் ஒவ்வொரு கோட்டிலும் நிறத்தையும் இடத்தையும் மாற்றித் தரும் தனிச் சுற்று ஒன்று அமிகாவுக்குள்ளேயே இருந்தது. 1990இல் மேக்னட்டிக் ஃபீல்ட்ஸ் குழு செய்த 'லோட்டஸ் எஸ்பிரிட் டர்போ சேலஞ்ச்' அதே கணினியில், திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஒரே நேரத்தில் ஆடும்படி, வழுக்கிக்கொண்டு ஓடியது. வேறு இயந்திரத்துக்கு எழுதியதை மாற்றிப் பொருத்துவதற்கும், கையிலிருக்கும் இயந்திரம் எதில் வல்லது என்று பார்த்து அதற்கென்றே எழுதுவதற்கும் உள்ள தூரம் அது.

1991இல் செகாவின் இன்னொரு வீட்டு இயந்திரமான மெகா டிரைவுக்கு வந்த பதிப்பு கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஆர்கேட்டில் இருந்ததை ஏறக்குறைய அப்படியே வீட்டில் பார்க்க 1996 வரை, செகா சாட்டர்ன் இயந்திரத்துக்கு அது வரும்வரை, பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கார் ஆட்டங்கள் நிஜ முப்பரிமாணத்துக்குப் போய்விட்டன. பழைய வித்தைக்கு இனி வேலையில்லை என்று தோன்றிய காலம். ஆனால் 2014இல் ஜப்பானின் எம்2 நிறுவனம் அவுட்ரனை நிண்டெண்டோவின் 3டிஎஸ் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவந்தபோது, கண்ணாடி அணியாமலே ஆழம் தெரியும் திரையில் அந்தச் சாலை நிஜமாகவே உள்நோக்கி நீண்டது. ஒவ்வொரு கோட்டுக்கும் அதன் தொலைவு என்ன என்பது 1986இன் கணக்கிலேயே இருந்ததே. தட்டைத் திரைக்கென்று எழுதிய எண்களுக்குள் ஆழம் 28 ஆண்டுகள் உறங்கிக் கிடந்திருக்கிறது.

இவ்வளவு படித்தபின் ஒன்று செய்யுங்கள். யூடியூபில் அவுட்ரன் ஆட்டக் காட்சி எதையாவது கணினியில் ஓடவிட்டு, முதல் கடற்கரையிலேயே நிறுத்துங்கள். பிறகு விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு படம் மட்டும் நகரும். சாலையோரத்தில் ஏதாவது ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு பத்துமுறை தட்டிப் பாருங்கள். கோடு விரலுக்கடியிலேயே இருக்கும். அதன் நிறம் மட்டும் மாறும்.